கிரிவல ஆடும் வட்டத்தம்மாவின் பல்லும்

ரஹீம் பாய் அன்று காலை சிரித்த சிரிப்பில், கறி வாங்க நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

திருவண்ணாமலை டவுனில் மூன்று தலைமுறையாக ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. என் அப்பா காலத்தில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கடையில்தான் தொடங்கும். படித்து முடித்து வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஊருக்கு வந்தால் நான் அங்கேதான் போவேன். ஆனால் கறி வாங்க அல்ல. கறி வேண்டாம், ஈரல் வேண்டாம், பல்லோடு தாடை மட்டும் கொடுங்கள் என்று கேட்கிற ஒரே வாடிக்கைக்காரி நான்தான். போன தடவை ஆறு தாடை வாங்கியிருந்தேன். அன்று இன்னும் நாலு கேட்டேன்.

"எதுக்கு டாக்டரம்மா இவ்ளோ பல்லு? ஆட்டுக்குப் பல்செட் கட்றீங்களா?"

டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதால் அவருக்கு நான் டாக்டரம்மா. பட்டத்துக்கு ஏற்ற பெருமையோடு விளக்கினேன். இந்த ஊர்ப் புல்லைத் தின்று வளர்ந்த ஆட்டின் பல்லில் இந்த ஊரின் அடையாளம் இருக்கும், அதோடு பழங்காலத்து மனிதரின் பல்லை ஒப்பிட்டால் அவர் உள்ளூரா வெளியூரா என்று சொல்லிவிடலாம் என்றேன்.

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பு அப்போதுதான் வந்தது.

"புல்லா? இதுங்களா? அட போங்கம்மா! இதெல்லாம் கிரிவலப் பாதை ஆடு. புல்லைக் காட்டினா மூஞ்சைத் திருப்பிக்கும். பௌர்ணமி வந்தா பொங்கலு, புளிசாதம், தயிர்சாதம். மத்த நாள்ல கடைக்காரங்க போடற இட்லி, வாழைப்பழத் தோலு. அதான் கொழுப்பு ஜாஸ்தி. ஜனங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

"குட்டியிலேர்ந்தா பாய்?"

"பொறந்த அன்னிலேர்ந்து. தாயி தின்றது அன்னதானம். அது பாலைத்தானே குட்டி குடிக்குது?"

நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். கிரிவலப் பாதையில் ஆடு அன்னதானத் தட்டை நக்குவதைப் பார்க்காத குழந்தை இங்கே கிடையாது. ஒரு ஆடு என் கையிலிருந்தே சுண்டல் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. அப்படிப்பட்ட நான், ஆய்வுக் குறிப்பேட்டில் "உள்ளூர் மேய்ச்சல் விலங்கு" என்று அழகான கையெழுத்தில் எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருந்தேன்.

பாய்க்குச் சிரிக்க உரிமை இருந்தது. எனக்கு இல்லை. அந்த ஆறு தாடைகளை நம்பி நான் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, கிரிவலப் பாதையோரத்து அடி அண்ணாமலைக் கிராமத்தில் கிருஷ்ணவேணி என்ற பெண் ஆடி மாதப் பொங்கலுக்குப் புதுப் பானை வாங்கி வைத்திருந்தாள்.

கையைக் கழுவிவிட்டுத்தான்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எந்தக் காலத்திலோ செத்தவர்களின் பல்லைத் தொட்டுவிட்டு எப்படி அம்மா சோறு இறங்குகிறது?" கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். உயிரோடு இருக்கிறவர்களின் வாய்க்குள் கையை விடும் பல் டாக்டர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

என் வேலையைப் பற்றிப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பாறை கரைந்து மண்ணாகிறது. மண்ணிலிருந்து தண்ணீருக்கும் பயிருக்கும், அங்கிருந்து நம் வாய்க்கும் ஸ்ட்ரான்சியம் என்றொரு தனிமம் துளித்துளியாக வந்து சேர்கிறது. அதில் எடை கூடிய வகையும் உண்டு, எடை குறைந்த வகையும் உண்டு. ஐசோடோப்பு என்று அவற்றுக்குப் பெயர். எது எவ்வளவு என்கிற விகிதம் பாறைக்குப் பாறை மாறும். அண்ணாமலையின் பாறை மிகப் பழசு. அதன் விகிதம் கடலோரத்துக்கோ ஆற்றுப் படுகைக்கோ வராது.

நாம் கைக்குழந்தையாக இருக்கும்போதே முதல் கடைவாய்ப்பல் ஈறுக்குள் உருவாக ஆரம்பித்துவிடுகிறது. அப்போது எந்த ஊர்ச் சோறும் தண்ணீரும் உடம்புக்குள் போனதோ, அந்த ஊரின் விகிதம் பல்லின் மேற்பூச்சில் பதிந்துவிடும். அப்புறம் எந்தச் சீமைக்குப் போனாலும் அது மாறாது. மண்ணுக்குள் எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் மாறாது.

என் முதல் பால்பல் விழுந்தபோது அம்மா அதைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறியச் சொன்னார். எறிந்தேன். நல்ல சாம்பிள், வீணாகப் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில், பழங்கால மனிதர்களின் வாழ்க்கையைப் பல்லை வைத்து ஆராய்கிறேன் என்று ஒரு வெளிநாட்டு அம்மையாரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் தன் விழுந்த பல்லைப் பட்டுத்துணியில் மடித்துக் கொண்டுவந்து, போன பிறவியில் தான் யார் என்று கேட்டார். இந்தப் பிறவியைத்தான் சொல்ல முடியும் என்றேன். அது எனக்கே தெரியுமே என்று வருத்தத்தோடு போய்விட்டார்.

ஏழுமலையின் நிலத்தில்

அடி அண்ணாமலையில் கிருஷ்ணவேணியின் கணவர் ஏழுமலைக்கு மணிலாக்கொட்டை போடுகிற கொஞ்ச நிலம் இருக்கிறது. அதன் மூலையில் பெரிய பெரிய கற்கள் வட்டமாக நின்றிருந்தன. மாடு கட்டத்தான் யாரோ நட்டார்கள் என்று ஊரே நினைத்திருந்தது. அது இரும்புக் காலத்துக் கல்வட்டம் என்று தெரிந்து நாங்கள் தோண்டியபோது, அடியில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. பக்கத்தில் கறுப்பு சிவப்புப் பானைகள். காலடியில் ஒரு ஆட்டின் மண்டை.

எலும்பு மண்ணை உறிஞ்சிப் பாழாகியிருந்தது. பற்கள் மட்டும் புதுசு மாதிரி இருந்தன.

நாங்கள் குழியை மூடிவிட்டுப் போன மறு வாரமே அங்கே ஒரு விளக்கு வந்தது. அப்புறம் மஞ்சள் துணி. அப்புறம் "வட்டத்தம்மா" என்று பெயர். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைப்பது என்றும் முடிவாயிற்று. அந்தப் பொங்கல் தொடங்கி மூன்றே வருஷம்தான் ஆகிறது. ஆனால் அதன் சட்டதிட்டங்களை ஊரில் பேசினால், வட்டத்தம்மாவே உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டுச் செத்தாள் என்று தோன்றும்.

முக்கியமான சட்டம் இது: முதல் பானையை இந்த ஊரில் பிறந்த பெண்தான் வைக்க வேண்டும். வாக்கப்பட்டு வந்தவர்கள் விறகு கொண்டுவரலாம், தண்ணீர் எடுத்து வரலாம், பாத்திரம் கழுவலாம். சட்டத்தைப் போட்டவர் ஏழுமலையின் அக்கா அஞ்சலை. அவர் சென்னைப் பக்கம் ஆவடியில் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொங்கலுக்கு முதல் நாள் பஸ்ஸில் வந்து இறங்குவார், முதல் பானையை வைப்பார், மறுநாள் பஸ் ஏறிவிடுவார்.

உப்புக்காரி

கிருஷ்ணவேணி வேதாரண்யம் பக்கம் உப்பளத்து வீட்டுப் பெண். இளவயதில் ஏழுமலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். உப்பு ஏற்றப் போனவன் பொண்ணை ஏத்திக்கிட்டு வந்துட்டான் என்று ஊரில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பேச்சு முழுக்க இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. இரண்டு பெண்களைப் பெற்றுப் படிக்க வைத்து, கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடையையும் நடத்துகிறாள். ஆனால் தெருக்குழாயில் சண்டை வந்தால் முதலில் விழுகிற வார்த்தை "வந்தவ". இரண்டாவது "உப்புக்காரி".

தோண்டிய நாட்களில் எங்கள் கூட்டத்துக்குச் சோறு போட்டவள் அவள்தான். என்னைப் "பல்லு மேடம்" என்பாள். ஒரு நாள் பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"ஒரே ஒரு வாட்டி முதல் பானை வெச்சுட்டா போதும் மேடம். இந்த ஊர்ல எனக்கும் ஒரு எடம்னு ஆயிடும். செத்தா கூட நிம்மதியா வேவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் அதை மறக்கவில்லை.

ஆகவே, வட்டத்தம்மாவின் பல்லும் பாய் கடை ஆடுகளின் பல்லும் பொருந்தவில்லை என்று கருவி காட்டியபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்? இன்னும் நாலு சாம்பிள் பார்த்திருக்க வேண்டும். பிறந்த மண்ணை விட்டு நகராத நத்தையின் ஓடு, மழையில்லாததால் கிடைக்கவில்லை என்று சோம்பலாக விட்டதை, மழைக்குக் காத்திருந்து பொறுக்கியிருக்க வேண்டும். நானோ போனை எடுத்தேன்.

"கிருஷ்ணவேணி, உங்க வட்டத்தம்மா இந்த ஊர்ல பொறந்தவங்க இல்லீங்க. எங்கேயோ பொறந்து இங்க வந்தவங்க."



"அப்போ சாமியே வந்தவதானா மேடம்?"

நான் அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பை ஏழுமலை லேமினேஷன் செய்து கல்வட்டத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டினார். எங்கிருந்து வந்தவள் என்று நான் எழுதவே இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் வட்டத்தம்மா வேதாரண்யத்துக்காரியாகிவிட்டாள். சாமியே வந்தவள் என்றால், முதல் பானையும் வந்தவள் வைப்பதுதானே முறை என்று ஊர் மருமகள்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஆவடியிலிருந்து அஞ்சலை போனில் கத்திப் பார்த்தார். எடுபடவில்லை.

அன்னதானம் பார்க்காத ஆடு

இந்த நிலையில்தான் பாய் சிரித்தார்.

அவரிடம் நாலு தாடையும் வாங்காமல் திரும்பினேன். அன்னதானத்து அரிசி தஞ்சாவூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் லாரியில் வருவது. அதில் போடும் உப்பு கடலிலிருந்து வருவது. அத்தனையும் அந்த ஆறு ஆடுகளின் பல்லில் உட்கார்ந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் ஆடுகள்தான். நான் பழியை வட்டத்தம்மாமேல் போட்டுவிட்டேன்.

மழை வந்ததும் பாதையை விட்டுத் தள்ளி, காட்டுப் பக்கம் போய் நத்தை ஓடும் இலையும் பொறுக்கினேன். வட்டத்தம்மாவின் காலடியில் கிடந்த ஆட்டு மண்டையிலிருந்து ஒரு பல்லை எடுத்தேன். அந்த ஆட்டின் காலத்தில் கிரிவலமும் இல்லை, புளிசாதமும் இல்லை. பாவம், புல்லைத்தான் தின்றிருக்கும்.

எல்லாம் பொருந்தியது. நத்தை, இலை, அந்த ஆடு, வட்டத்தம்மா, எல்லாம் ஒரே இடம். அவள் இந்த மலையடியில் பிறந்த பெண்.

நான் யோக்கியமானவள் என்று காட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை என்பதே உண்மை. ஆய்வுக் கட்டுரையில் திருத்திவிட்டால் போதாதா, அடி அண்ணாமலையில் யார் அதைப் படிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். நாலாவது நாள் வெட்கமாகிவிட்டது. ஒரு பொய்யைக் கிருஷ்ணவேணியின் தலையில் பானையாக ஏற்றிவிட்டு, நான் மட்டும் சரியான விடையைப் பையில் வைத்துக்கொண்டு நடமாட முடியாது. சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். மறுநாள் பொங்கல்.

"எனக்கு வரலையே மேடம்?"

டீக்கடைக்குப் பின்னால், பானைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள் கிருஷ்ணவேணி. விரல்கள் எல்லாம் மஞ்சள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். ஆட்டுக் கதையையும் சொன்னேன்.

அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பானையைத் தரையில் வைத்துவிட்டு, பாதையில் பன்னைத் தின்றுகொண்டிருந்த ஒரு ஆட்டையே பார்த்தாள்.

"ஊரு ஆடுன்னா ஊரு புல்லையா திங்கும்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம். என் கடை வாசல்லதான் நிக்குதுங்க."

"கேட்டிருக்கணும்."

"ஆட்டுக்கு நாலு பௌர்ணமி சோத்துல வெளியூர்ப் பல்லு வந்துடுது. நான் இருபத்தெட்டு வருஷமா இந்த ஊரு தண்ணியைக் குடிக்கிறேன். எனக்கு இந்த ஊரு பல்லு வரலையே மேடம்?"

எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ பேராசிரியர்கள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.  அப்போதுதான், இத்தனை நாளும் நான் அவளிடம் பாதி விஷயத்தை மட்டுமே சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.

"பல்லு வராதுங்க. அது சின்ன வயசுல ஒரு வாட்டி உருவாவுது, அதோட சரி. ஆனா எலும்பு அப்படி இல்ல. பழசு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, புதுசு ஊறிக்கிட்டே இருக்கும். தினமும் நீங்க குடிக்கிற தண்ணியில, திங்கிற சோத்துல. பத்து இருபது வருஷம் ஆனா, எங்க இருக்கீங்களோ அந்த ஊரு எலும்பாயிடும்."

"இத நீங்க சொல்லவேயில்லயே."

"பழைய எலும்பு கெட்டுப்போயிருக்கும். அதனால நாங்க பல்லைப் பத்தியே பேசிப் பேசிப் பழகிட்டோம்."

அவள் மஞ்சள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"அப்போ இது?"

"இந்த ஊரு."

"அஞ்சலை அக்காவுது?"

 பதிலையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை நிறுத்தவில்லை. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று பிரிக்க என்னிடம் கருவி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

கல்வட்டத்தைச் சுற்றி ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அஞ்சலை அக்கா ஆவடியிலிருந்து வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். நான் எழுந்து மன்னிப்புக் கேட்பதற்குள் கிருஷ்ணவேணி முந்திக்கொண்டாள்.

"மேடம் தப்பா சொல்லிட்டாங்க. வட்டத்தம்மா இந்த ஊரு பொண்ணுதான். ஆடு பண்ணின வேலை. அக்கா, வாங்க, பானையை நீங்களே வைங்க."

ஏழுமலை போய் வேப்பமரத்து லேமினேஷனைக் கழற்றினார். அஞ்சலையின் முகத்தில் வெற்றி வரும் என்று பார்த்தால், வரவில்லை. எதிர்பார்த்து வந்த சண்டை கிடைக்காமல் போனதில் கொஞ்சம் தடுமாறினார்.

"ஆனா ஒண்ணுக்கா," என்றாள் கிருஷ்ணவேணி. "மேடம் சொல்றாங்க, பல்லுதான் பொறந்த ஊராம். எலும்புன்னா இருக்கற ஊராம். உங்களுது இப்போ முழுக்க ஆவடியாம்."

மருமகள்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பில் விறகுக் கட்டு சரிந்தது. அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் நானும் ஒரு கல்லுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"ஆவடியா? லாரித் தண்ணி குடிச்ச எலும்புன்னு சொல்லு. அதான் தெனம் வலிக்குது," என்றார் அஞ்சலை. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பிறகு பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தார். அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் கொதித்ததும் அரிசிக் கூடையைக் கையில் எடுத்தவர், திரும்பிப் பார்த்தார்.

"ஏய் வேணி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து அரிசியைப் போடு."

மூன்று வருஷத்தில் முதல் பானைக்குள் ஒரு மருமகளின் கை போனது அப்போதுதான். மூன்று பிடி போட்டாள். அவசரத்தில் கொஞ்சம் அரிசி அடுப்பைச் சுற்றிச் சிந்தியது. 

நான் கிளம்பும்போது, இலையில் பொங்கலைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தாள்.

"மேடம், எங்கள்ல செத்தா எரிச்சுடுவாங்க. அப்புறம் என் எலும்பை யாரு எடுத்துப் பாப்பாங்க? இப்பவே எழுதிக் குடுத்துடுங்க."

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். கை நீட்டியபடியே நின்றாள். சாம்பிள் பைகளில் கட்டும் அட்டைச் சீட்டு ஒன்று என் பையில் இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் வழக்கமாக நான் எழுதுவதையே எழுதினேன். பெயர்: கிருஷ்ணவேணி. மாதிரி: எலும்பு. ஊர்: அடி அண்ணாமலை. அடியில் கையெழுத்தும் போட்டேன்.

அவள் எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்தாள். பிறகு சீட்டின் நூலைத் தாலிக்கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டு, கடையைப் பார்க்க நடந்தாள்.

என் வேலையில் எத்தனையோ சீட்டு எழுதியிருக்கிறேன். கருவியில் வைத்துப் பார்க்காமல் எழுதியது அது ஒன்றுதான். அதில் தப்பில்லை.